எல்லாக் கோப்புகளிலும் தேடியவர்

ஓர் அரச அலுவலகம் பணம் கொடுத்து எழுதுவித்த கணினி நிரலின் மூலக்கோப்புகள் யாவும், ஒன்றும் விடுபடாமல், வாசிக்கக்கூடிய வடிவில், அந்த அலுவலகத்திடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம் இருந்தது. அதன் கீழே இரண்டு தரப்பும் கையெழுத்திட்டிருந்தன. ஒப்படைத்ததற்குச் சாட்சியாகக் கிளிநொச்சியில் ஒரு வைபவமும் நடந்தது. மங்கள விளக்கு ஏற்றினோம். ஒருவர் கோப்புகள் அடங்கிய இறுவட்டைக் கொடுக்க இன்னொருவர் வாங்கினார். இருவரும் அதைப் பிடித்தபடியே படத்துக்கு நின்றார்கள். இறுவட்டுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும் என எந்த விதியும் சொல்லவில்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை.

அதைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாக அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமித்த அரசாங்கம், அவர்களுக்குக் கதிரை அனுப்ப மறந்துவிட்டிருந்தது. அப்படி நியமனம் பெற்ற ஒரு பெண் அவர்; பளையிலிருந்து பஸ்ஸில் வருவார். கையெழுத்திட்டுவிட்டு, பழைய அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையில் ஒரு மர வாங்கில் போய் இருப்பார். யாழ்ப்பாணத்தில் நிரல் எழுதப் படித்தவர் என்று அவருடைய தனிப்பட்ட கோவையில் இருந்தது. நான் நிர்வாக உத்தியோகத்தன். கோவைகளை வாசிப்பது என் தொழில். வாசித்ததை வைத்து எதுவும் செய்வது என் தொழில் அல்ல. ஆனாலும் விவசாயிகளின் விபரங்களை வைத்திருக்கும் அந்த நிரலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். முகத்தில் மகிழ்ச்சியோ கவலையோ தெரியவில்லை. "முதல் என்ன இருக்கெண்டு பாப்பம் சேர்" என்றார்.

என்னைப் போன்றவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். திரையில் நாம் காண்பது ஒரு நிரல் என்றாலும், உள்ளே அது நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒவ்வொன்றிலும் வரி வரியாக எழுத்து. ஒரு சொல்லைக் கொடுத்து எல்லாக் கோப்புகளிலும் தேடச் சொன்னால், அந்தச் சொல் எந்தக் கோப்பில், எந்த வரியில் வருகிறது என்று கணினி வரிசையாகக் காட்டும். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். அவரோ இதை ஒரு நோன்பு போலச் செய்தார். எதைக் கேட்டாலும் விரல் அந்தப் பெட்டிக்குத்தான் போகும்.

தேடுவதிலும் அவருக்குச் சில பழக்கங்கள் இருந்தன. முழுச் சொல்லை ஒருபோதும் அடிக்கமாட்டார். "முழுசா அடிச்சால் முழுசா இருக்கிற இடம் மட்டும்தான் வரும் சேர். பாதியை அடிச்சால் ஒளிச்சிருக்கிறதும் வரும்" என்பார். வந்த முடிவுகளில் முதலாவதோடு நிற்கவும் மாட்டார். தேடியது கையில் கிடைத்துவிட்ட பிறகும் கடைசி வரி வரை வாசிப்பார். முதலில் கிடைத்ததுதான் சரியானது என்று ஆர் சொன்னது என்பது அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வி கணினிக்குள் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் களஞ்சிய அறைத் திறப்பைக் காணவில்லை. மேசையின் மேல் லாச்சியிலேயே கிடந்தது, அவர்தான் எடுத்தார். எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மிச்ச லாச்சிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, திறப்புத்தான் கிடைச்சிட்டுதே" என்றேன்.

"ஓம் சேர். இன்னொண்டு இருந்தால்?"

இருந்தது. ஆனால் எந்தப் பூட்டுக்குமுரிய திறப்பல்ல. அதற்குப் பூட்டுத் தேடுவாரோ என்று பயந்து, நான் அதை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் வருவதற்குச் சற்று முன்புதான் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்திருந்தது. அறிக்கைகளில் இனிமேல் குளம் என்று எழுதக்கூடாது, நீர்த்தேக்கம் என்றே எழுத வேண்டும் என்பது அதன் சாரம். குளம் என்ற சொல்லில் அவர்கள் என்ன குற்றம் கண்டார்களோ தெரியாது. அப்போது கணினிக்குப் பொறுப்பாக இருந்தவருக்குக் கதிர்காமம் போகும் அவசரம். ஒன்றையும் திறந்து பார்க்காமலே எல்லாக் கோப்புகளிலும் குளம் என்பதைத் தேடி, எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அமத்திவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அடுத்த மாத அறிக்கையில் வன்னியில் ஓர் ஊரும் மிஞ்சவில்லை. புளியங்குளம் புளியங்நீர்த்தேக்கம் ஆயிற்று. கனகராயன்குளத்தில் இருந்து வந்த ஒரு பெரியவர் தன் விலாசத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஏன் ஐயா, அணை கட்டி எங்கட ஊரைத் தாட்டுப் போட்டியளோ?" என்று கேட்டார். ஊர்களை மூழ்கடிப்பதற்கு முன்பு ஒரு சுற்றறிக்கையாவது வந்திருக்க வேண்டும்.

அதைச் சீர்செய்தவரும் அவர்தான். நீர்த்தேக்கம் என்பதை எல்லாக் கோப்புகளிலும் தேடி, ஒவ்வொரு வரியாக வாசித்து, ஊர் எது, குளம் எது என்று பார்த்துப் பார்த்துக் கையால் திருத்தினார். மறுபடியும் அந்தப் பொத்தானை அமத்தினால் ஒரு நொடியில் முடியுமே என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தேடுறதால ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது சேர். மாத்திறதுக்குத்தான் பயப்பிடோணும்."

அப்போது அதை நல்ல வார்த்தை என்று நினைத்தேன். தேடுவதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்பது எவ்வளவு பிழை என்று அதே வருடம் தெரிந்தது.

குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் விதைக்கும் அந்தச் சிறுபோகத்தில் ஆடி மாதமே தண்ணீர் முடிந்து, பயிர் பால் பிடிக்குமுன் கருகிவிட்டது. பயிர் அழிந்தவர்களுக்கு அடுத்த காலபோகம் விதைக்க விதைநெல்லும் பசளையும் கொடுக்கத் தீர்மானித்தார்கள். காலபோகம் என்பது மாரி மழையோடு விதைப்பது. ஐப்பசியில் விதை மண்ணில் விழாவிட்டால் அந்த வருடம் போயிற்று. யாருக்குக் கொடுப்பது என்று நிரல்தான் சொல்லும். கையால் எழுதிக் கொடுக்கும் முறையை நிரல் வந்த அன்றே இரத்துச் செய்துவிட்டார்கள்.

அக்கராயனில் இருந்து ஓர் அம்மா வந்தார். தனியாக வயல் செய்கிறவர்; இரண்டு பெண் பிள்ளைகள். வாய்க்காலின் கடைசியில் அவருடைய வயல். குளம் நிறையாத வருடங்களில் சிறுபோகத் தண்ணீர் அங்கே எட்டாது. அதற்கு ஊரில் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் தண்ணீரின் அளவைப் பார்த்து, வாய்க்காலின் தலைப்பக்கத்து வயல்களை மட்டும் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். கடைசி வயல்காரர்களுக்கும் அந்தத் தலைப்பக்கத்திலேயே ஆளுக்கொரு துண்டு பங்கு கொடுப்பார்கள். மற்றவரின் மண்ணில் ஒரு போகம் விதைத்து, வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் சண்டை பிடிப்பதில்லை. இந்த ஒழுங்கு எனக்குத் தெரியும், கூட்டத்துக்கு வருகிற நீர்ப்பாசன உத்தியோகத்தருக்குத் தெரியும், வயலில் நிற்கிற கொக்குக்கும் தெரியும். நிரல் எழுதிய கொழும்புக் கம்பனியின் பெடியங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஒருநாள் வந்து எங்களுடன் கலந்துரையாடினார்கள். "ஒரு விவசாயி, ஒரு காணி, அந்தக் காணியில்தான் விதைப்பார், சரிதானே?" என்று கேட்டபோது மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. எல்லோரும் ஓம் என்றோம்.

அந்த அம்மாவின் விண்ணப்பத்தைப் பதிந்ததும் திரையில் சிவப்பாக வந்தது: காணி இலக்கம் பொருந்தாது.

"தங்கச்சி, மிசின் என்ன சொல்லுது?"

"காணி பொருந்தாதாம் அக்கா."

"பொருந்தாதுதானே. என்ர வயலுக்குத் தண்ணி வரேல்லை. கூட்டத்தில தந்த துண்டிலதானே விதைச்சனான். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும் அக்கா. இதுக்குத் தெரியாது."

"அப்ப இதுக்குச் சொல்லுங்கோவன்."

"ஆரிட்டச் சொல்லுறதெண்டுதான் தேடப்போறன்."

அந்த அம்மா எதற்காக வந்திருக்கிறார் என்பதை என்னிடம் ஒளிக்கவில்லை. விதைநெல் கிடைக்காவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். கேட்டிருக்கிறவர் ஒரு போகத்துக்குக் கேட்கவில்லை. தொடர்ந்து சில வருடங்களுக்குக் கேட்கிறார். கொடுத்தால் அவருடைய மண்ணிலேயே அவர் கூலிக்குக் களை பிடுங்க வேண்டிவரும். "ஆவணி முடியமுன்னம் சொல்லோணுமாம் ஐயா" என்றார். "இப்ப குடுத்தால் நல்ல விலை. பிந்தினால் அவர் சொல்லுறதுதான் விலை."

உத்தியோகத்தர் அந்தச் சிவப்பு வசனத்தை எல்லாக் கோப்புகளிலும் தேடினார். பாதியை அடித்துத்தான். ஒரேயொரு கோப்பில் இருந்தது. திரையில் வரும் தமிழ் வசனங்களையெல்லாம் சேர்த்து வைத்த கோப்பு அது. ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யார் இந்த வசனத்தைக் கூப்பிடுகிறார்கள் என்று கண்டால், நிபந்தனை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். குறிப்பெயரைத் தேடினார். அதே கோப்பு, அதே வரி. வேறெங்கும் இல்லை.

"சொல்லு இருக்கு சேர்" என்றார். "சொல்லுற ஆளைக் காணேல்லை."

அரச சேவையில் இது புதிதல்ல என்று நான் சொல்லவில்லை. அவர் இருந்த நிலை அப்படி.

அடுத்த நாள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். எல்லாக் கோப்புகளிலும் தேடு என்று நாம் சொன்னாலும், கணினி எல்லாவற்றிலும் தேடுவதில்லையாம். தேட வேண்டாம் என்று முன்கூட்டியே விலக்கி வைத்த அடைவுகள், அதாவது கோப்புகள் கிடக்கும் அறைகள், சில உண்டு. அந்த விலக்கை எடுத்துவிட்டு மறுபடி தேடினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கனநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு வரி, ஆங்கிலத்தில். அவர் எனக்காகத் தமிழில் வாசித்தார்: "இந்தக் கோப்பில இருக்கு. ஆனால் இது வாசிக்கக்கூடிய வடிவில இல்லை."

நான் சேவையில் இருந்த காலம் முழுவதிலும் ஓர் அலுவலகத்தில் கிடைத்த மிக நேர்மையான பதில் அதுதான்.

கம்பனி மூலக்கோப்பைத் தரவில்லை. பூட்டி இறுக்கிய ஒரு பொதியாகத்தான் அந்தப் பகுதியைத் தந்திருந்தது. பொதி வேலை செய்யும், திறக்காது. தொலைபேசியில் கேட்டேன். அதை எழுதியவர் இப்போது அவுஸ்திரேலியாவில் என்றார்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தருவோம் என்றார்கள். ஒப்பந்த வாசகத்தை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதினேன். அது எங்கள் பணிப்பாளர் ஊடாக, மாகாணத்தின் ஊடாக, தலைமைக் காரியாலயத்தின் ஊடாக, கொள்முதல் குழுவின் ஊடாகப் போக வேண்டும். ஊடாக என்ற சொல் எங்கள் நிர்வாகத்தில் ஒரு காலநிலை. அதற்குள் போனது எப்போது வெளியே வரும் என்று சொல்லமுடியாது.

இதற்கிடையில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. எனக்கு அது முதல் நாளே தெரியும். நிரலில் நிராகரிப்பை உறுதிசெய் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் நிராகரிப்புக் கடிதம் அச்சாகும். அந்தக் கடிதத்தோடு மேன்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். கடிதம் இல்லாமல் போகமுடியாது. மறுக்கப்படாத ஒன்றுக்கு மேன்முறையீடு இல்லை. விண்ணப்பத்தைப் பதிந்தவரே தன் கடவுச்சொல்லோடு பொத்தானை அமத்த வேண்டும். இன்னொருவர் அமத்துவது ஒழுக்கமீறல்.

"அமத்துங்கோ பிள்ளை" என்றேன்.

"ஆர் மறுக்கிறதெண்டு தெரியாமல் நான் எப்படிச் சேர் மறுக்கிறது?"

"நீங்கள் மறுக்கேல்லை. நிரல் மறுக்குது."

"நிரலில எங்க? அந்த வரியைக் காட்டுங்கோ, அமத்திறன்."

காட்டமுடியாது. அது இல்லாத வரி.

அந்த அம்மா ஆவணி முழுவதும் வந்துகொண்டிருந்தார். வருகிறபோது முருங்கைக்காய் கொண்டுவருவார். இவர் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பார். இருவரும் அந்த வாங்கில் இருந்து சாப்பிடுவார்கள். "கிடைக்குமோ தங்கச்சி?" என்று கேட்பார் அவர். இவர் கிடைக்கும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கிடைக்காது என்றும் சொல்லவில்லை. "இன்னும் தேடி முடியேல்லை அக்கா" என்பார். அது பொய்யுமல்ல. ஆங்கிலத்தில் தேடினார், சிங்களத்தில் தேடினார், காணி என்று தேடினார், இலக்கம் என்று தேடினார், எழுத்துக்களின் துண்டுகளாகத் தேடினார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் பகிடி விட்டார்: "பிள்ளைக்குக் கலியாணம் சரிவராதது இதாலதான். எல்லாக் கோப்பையும் பாத்து முடிக்கோணும்."

"பாத்தனான் அண்ணை" என்றார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கனபேர் வாசிக்கக்கூடிய வடிவில இல்லை."

எல்லோரும் சிரித்தோம். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பக்கத்துப் பிரிவிலும் இதே பிரச்சினை இருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த பெடியனுக்குத் தேடவே தெரியாது. கோப்புகள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சிவப்பைக் கண்டதும் அமத்தினான். கடிதங்கள் அச்சாகின. விவசாயிகள் அவனைத் திட்டிக்கொண்டு கடிதத்தோடு போனார்கள். மேன்முறையீட்டுக் குழுவில் ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருந்தார்; கூட்டத்து ஒழுங்கு தெரிந்தவர். சிலருக்கு விதைநெல் கிடைத்தது.

இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப அங்கயும் அந்த வரி இன்னும் இருக்குத்தானே சேர்" என்றார். "அடுத்த சிறுபோகத்துக்கும் இருக்கும்."

அவர் சொன்னது சரி. அதுதான் அவரோடு இருந்த தொல்லை. சரியானதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேன்முறையீட்டுத் திகதி கடந்தது.

புரட்டாதியில் அவருக்கு இடமாற்றம் வந்தது. கொக்கிளாய்ப் பக்கம், கடலோரத்தில் ஓர் உப அலுவலகம். கணினி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, மின்சாரம் பிறகு வரும் என்று சொன்னேன். கடைசி நாளன்றும் தேடலை ஓடவிட்டுவிட்டு, முடியும்வரை பஸ்ஸுக்குப் போகாமல் இருந்தார். முடிவுகள் இல்லை என்று வந்தது. கணினியை நிறுத்தி, மேலே துணியால் மூடி, கடவுச்சொல்லை ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்திட்டார். அடுத்த நாள் காலை அவருடைய இடத்துக்கு வந்தவர், ஒப்படைத்த கடவுச்சொல்லோடு நிலுவையில் கிடந்தவற்றையெல்லாம் தேத்தண்ணி வருமுன் நிராகரித்து முடித்தார். அந்த அம்மாவுக்கும் ஒரு கடிதம் அச்சானது. மேன்முறையீடு செய்வதற்கான கடைசித் திகதி அதில் இருந்தது. அது எப்போதோ போயிருந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு அந்த அம்மா ஒருமுறை வந்தார். கையில் முருங்கைக்காய் இருந்தது.

"அந்தத் தங்கச்சி எங்க ஐயா?"

"மாற்றமாகிப் போட்டா அம்மா. கொக்கிளாய்க்கு."

வாங்கைப் பார்த்தார். அதில் இப்போது பழைய அச்சியந்திரம் ஒன்று இருந்தது. "வயலைக் குடுத்திட்டன்" என்றார். "அவர் சொன்ன விலைதான். ஆவணியில குடுத்திருந்தால் கொஞ்சமாவது கேட்டிருக்கலாம். அவா இல்லையெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நானும் இருந்திட்டன்." பிறகு, நான் ஏதோ குறையாக நினைத்துவிடுவேன் என்பதுபோல், "நல்ல பிள்ளை ஐயா. என்னோட ஒரே சாப்பாட்டுக் கோப்பையில சாப்பிட்டவா" என்றார். முருங்கைக்காயை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அந்த உத்தியோகத்தரின் இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே இல்லை என்று சொல்லியிருப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், யாரும் எனக்கு முருங்கைக்காய் கொண்டுவந்ததில்லை. இரண்டில் எது ஒருவருக்குச் செய்யக்கூடிய உதவி என்று ஓய்வுபெற்ற பிறகும் யோசிக்கிறேன். இதற்கு விதி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

பதில் வந்தபோது நான் இன்னும் சேவையில்தான் இருந்தேன். எல்லா ஊடாகவையும் கடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை வாங்கி, கம்பனியின் கடிதம் வந்து சேர்ந்தது. நான் மேற்கோள் காட்டிய வாசகத்தை அவர்களும் மேற்கோள் காட்டியிருந்தார்கள். கோரப்பட்ட கோப்பு ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டவற்றுள் அடங்கும் என்றும், தங்கள் வசமுள்ள எல்லாக் கோப்புகளிலும் தேடிப் பார்க்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள்.

கொக்கிளாய்க்குத் தொலைபேசி எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் காற்று இரைந்தது.

"எல்லாத்திலயும் எண்டோ எழுதியிருக்கினம்?" என்று கேட்டார்.

"ஓம் பிள்ளை."

"விலக்கி வைச்சதையும் சேத்தோ எண்டு ஒருக்காக் கேட்டு எழுதுங்கோ சேர்."

எழுதுகிறேன் என்றேன். வெளியே அறுவடை இயந்திரம் ஒன்று அக்கராயன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே காலபோக வெட்டுத் தொடங்கிவிட்டிருந்தது. கடிதம் கிடைத்த அன்றே அதன் தலையில் திகதி முத்திரை பதிக்க வேண்டும் என்பது விதி. பதித்தேன். மாசி பதினெட்டு.